தடய அறிவியல் படிக்கப் போகிறீர்களா? சேரும் முன்பும் சேர்ந்த பிறகும் செய்ய வேண்டியவை

தடய அறிவியல் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் கொடுக்கும் வேலை ஒன்றுதான். கறிக்கடையில் வாங்கிவந்த ஆட்டு ரத்தத்தில் நனைத்த வெள்ளைத் துணியை ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்து, "இது சம்பவ இடத்தில் கிடைத்தது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப் பொட்டலம் கட்டுங்கள்" என்பேன். முக்கால்வாசிப் பேர் அதை ஈரத்தோடு ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றுப் போகாமல் அழுத்தி மூடிவிடுவார்கள். டி.வி.யில் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கட்டியதைத் திங்கட்கிழமை திறப்போம். கவரின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். துணியில் அங்கங்கே பூஞ்சை படர ஆரம்பித்திருக்கும். நாற்றம் தாங்காமல் யாராவது எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார்கள். துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட்டவர்களின் துண்டு மட்டும் பழுப்பேறி, விறைப்பாக, ஆய்வுக்கு உகந்த நிலையில் இருக்கும். ஈரம் இருந்தால் நுண்ணுயிர்கள் பெருகும். அவை பெருகினால் டி.என்.ஏ. சிதையும். கோடிக்கணக்கில் விலையுள்ள கருவி இருந்தாலும் அதற்குப் பிறகு செய்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை.

இந்தப் படிப்பில் குற்றவாளியைத் துரத்துகிற வேலை இல்லை. ஒரு பொருளைக் கெடாமல் காப்பதும், அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதிவைப்பதும், அது சொல்வதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதும்தான் வேலை. இது உங்களுக்குப் பிடிக்குமென்றால் மேலே படியுங்கள். எந்தக் கோர்ஸ், எந்தக் கல்லூரி, என்ன வேலை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் மூன்று வேறு வேறு வேலைகளை ஒன்றாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

பிரேதப் பரிசோதனை செய்பவர் மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, தடயவியல் மருத்துவத்தில் எம்.டி. படிப்பது அந்தப் பாதை. நீட் எழுதாமல் அங்கே போக முடியாது. பி.எஸ்சி. தடய அறிவியல் படித்துவிட்டுப் பிணவறையில் கத்தி பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்தவர் புலனாய்வு அதிகாரி. அவர் காவல்துறையைச் சேர்ந்தவர். சாட்சிகளை விசாரிப்பதும் கைது செய்வதும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதும் அவர் பொறுப்பு. மூன்றாமவர்தான் நாம் பேசப்போகும் ஆள். மருத்துவர் எடுத்துக் கொடுத்த உள்ளுறுப்பு மாதிரியில் விஷம் இருக்கிறதா என்று பார்ப்பவர், போலீஸ் கைப்பற்றிய கத்தியில் இருப்பது மனித ரத்தமா என்று சொல்பவர், உயிலில் உள்ள கையெழுத்து உண்மையா என்று ஒப்பிடுபவர். வெள்ளைக் கோட்டு, மேஜை, நுண்ணோக்கி, நிறைய எழுத்துவேலை என்று போகும் வாழ்க்கை.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1849-ல் சென்னை மாகாணத்தில் நஞ்சு ஆய்வுக்காகத் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய தடய அறிவியல் துறை. தலைமையகம் மயிலாப்பூரில், கடற்கரையை ஒட்டிய காமராஜர் சாலையில் இருக்கிறது. கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, விழுப்புரம் போன்ற ஊர்களில் வட்டார ஆய்வுக்கூடங்கள் உண்டு. இதன் இயக்குநராக இருந்த பேராசிரியர் சந்திரசேகரனின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணி, ஒயர், உடல் பாகங்களை வைத்துக்கொண்டு, வெடிகுண்டை உடலில் கட்டியிருந்தவர் ஒரு பெண் என்ற முடிவுக்கு வந்த குழுவை நடத்தியவர் அவர். அங்கே ஒரு ஜாக்கெட்டுத் துணியின் கிழிசல்கூட வீணாகவில்லை. பொறுக்கியதை ஒழுங்காகப் பொறுக்கி, பிரித்து, எண் போட்டு வைத்ததால்தான் அது முடிந்தது.

விரல் ரேகைப் பிரிவு தமிழ்நாட்டில் காவல்துறையின் கீழ் வருகிறது, தடய அறிவியல் துறையின் கீழ் அல்ல. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எந்த வாரியத்தின் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

வேலை அறிவிப்பைப் படித்த பிறகு கல்லூரி விளம்பரத்தைப் படியுங்கள்

என்னிடம் யோசனை கேட்டு வருபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இது. பெரும்பாலானோர் கல்லூரியில் சேர்ந்து மூன்று வருடம் படித்து முடித்த பிறகுதான் வேலை அறிவிப்பைத் திறக்கிறார்கள். அப்போதுதான் "உங்கள் பட்டம் இந்தப் பதவிக்குக் கேட்கப்பட்ட பட்டம் அல்ல" என்று தெரிகிறது.

அதனால் இன்றைக்கே செய்யுங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தடய அறிவியல் துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பதவிக்கு முன்பு வெளியிட்ட அறிவிப்புகளைத் தேடி எடுங்கள். கல்வித்தகுதி என்ற பகுதியை மட்டும் மூன்று முறை படியுங்கள். வேதியியல், உயிரியல், இயற்பியல், கணினி என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தகுதி தனித்தனியாக இருக்கும். விரல் ரேகைப் பிரிவின் உதவி ஆய்வாளர் பணி சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் வரும். அதற்கு அறிவியல் பட்டம் கேட்பார்கள். ஐதராபாத், சண்டிகர், கொல்கத்தா போன்ற இடங்களில் உள்ள மத்திய தடய அறிவியல் ஆய்வுக்கூடங்களின் விஞ்ஞானிப் பணிகளுக்கு யு.பி.எஸ்.சி. அறிவிப்பு வெளியிடும். அவற்றில் பலவற்றுக்கு முதுகலைப் பட்டத்தோடு சில வருட அனுபவமும் வேண்டும்.

இந்த அறிவிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். அடிப்படை அறிவியலில் காலூன்றி நிற்பவருக்கு அதிகக் கதவுகள் திறக்கின்றன. என் கணிப்பில், அரசு ஆய்வுக்கூடம்தான் இலக்கு என்றால் பி.எஸ்சி. வேதியியலோ விலங்கியலோ உயிர்வேதியியலோ படித்துவிட்டு எம்.எஸ்சி. தடய அறிவியலுக்குப் போவது நல்ல வழி. நடுவில் மனம் மாறினாலும் மருந்துக் கம்பெனி, ஆசிரியர் பணி, உணவுப் பரிசோதனைக்கூடம் என்று வேறு பக்கம் திரும்ப அது இடம் கொடுக்கும். பி.எஸ்சி.யிலேயே தடய அறிவியல் எடுப்பது தவறல்ல. செய்முறை அதிகம் உள்ள நல்ல கல்லூரி கிடைத்தால் மூன்று வருடமும் இதே சூழலில் இருக்கலாம், கை பழகும். ஆனால் அந்தப் பாடத்திட்டத்தில் வேதியியலுக்கு எத்தனை தாள், இயற்பியலுக்கு எத்தனை தாள் என்று எண்ணிப் பார்த்த பிறகே சேருங்கள்.

பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்பதையும் கேளுங்கள். "தடய அறிவியல்", "குற்றவியல் மற்றும் தடய அறிவியல்", "பயன்முறைத் தடய அறிவியல்" எல்லாம் காதுக்கு ஒன்றுபோல இருக்கலாம், அரசாணைக்கு அப்படியல்ல. பெயர் மாறினால், இரண்டு பட்டமும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை வேண்டும் என்று கேட்பார்கள். ஈக்குவலன்ஸ் ஜி.ஓ. என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். அது இல்லாமல், எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். என் மாணவி ஒருத்திக்கே அது நடந்தது. அவள் படித்த நிறுவனம் சேர்க்கையின்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

எங்கே படிக்கலாம்?

நாட்டில் இதற்கென்றே நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. குஜராத்தின் காந்திநகரில் மாநிலப் பல்கலைக்கழகமாக இயங்கிவந்தது, 2020-ல் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் ஆனது. டெல்லி, கோவா, தார்வாடு உட்படப் பல ஊர்களில் வளாகங்கள் உண்டு. பிளஸ் டூ முடித்து நேரே சேரும் ஐந்து வருட ஒருங்கிணைந்த பி.எஸ்சி.–எம்.எஸ்சி. படிப்பு அங்கே இருக்கிறது. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகம் 1959-லேயே குற்றவியலும் தடய அறிவியலும் கற்பிக்கத் தொடங்கிய இடம். ஐதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. உண்டு. கணினிப் பக்கம் போக விரும்புவோருக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையில் சைபர் தடயவியல் முதுகலைப் படிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இப்போது வரிசையாக இந்தக் கோர்ஸைத் தொடங்குகின்றன. அவற்றில் தரம் மிகவும் வித்தியாசப்படுகிறது. நேரில் போய்ப் பார்க்காமல் சேராதீர்கள்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் இரண்டும் இருக்க வேண்டும். கூடவே உயிரியலோ கணிதமோ இருந்தால் பெரும்பாலான இடங்களில் போதும்.

நேரில் போகும்போது வரவேற்பறையில் உட்கார்ந்து பிரசுரம் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். உள்ளே போனதும் கருவிகளின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் மேஜையைப் பாருங்கள். கறை இருக்கிறதா? ரசாயனப் புட்டிகளில் லேபிள் கசங்கியிருக்கிறதா? புழக்கத்தில் உள்ள ஆய்வகம் கொஞ்சம் அழுக்காகத்தான் இருக்கும். ஒப்பீட்டு நுண்ணோக்கி கண்ணாடி அலமாரிக்குள் பாலிதீன் உறையோடு பளபளத்தால் அதை யாரும் தொடுவதில்லை என்று பொருள். ஒப்பீட்டு நுண்ணோக்கி என்பது இரண்டு தோட்டாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பார்வையில் காட்டும் கருவி. துப்பாக்கிப் பாடத்தை அது இல்லாமல் படம் காட்டித்தான் நடத்த முடியும். புற ஊதா ஒளி விளக்கு, கலவையைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு நிறப்பிரிகைத் தட்டுகள், நிறமாலைமானி, ரேகைப் பொடிகள், அச்சு எடுக்கப் பிளாஸ்டர் — இவை குறைந்தபட்சம் இருக்க வேண்டும்.

அப்புறம், இரண்டாம் வருட மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் எந்தக் கல்லூரியைப் பற்றி விசாரித்தாலும் இதைத்தான் கேட்பேன். அதில் உண்மையான ரேகைகள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா, நிறப்பிரிகைத் தாள்கள் இருக்கின்றனவா, தவறாக வந்த அளவுகளும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லா மாணவர்களின் நோட்டிலும் ஒரே எண்கள் இருந்தால் அங்கே செய்முறை நடப்பதில்லை, காப்பி அடிப்பதுதான் நடக்கிறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிராக்டிகல், ஆசிரியர்களில் ஆய்வுக்கூடத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர் யாராவது உண்டா, கடந்த வருடம் மாணவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் போனார்கள் என்பதையும் கேளுங்கள். அஞ்சல் வழியில் மட்டும் நடத்தப்படும் டிப்ளமோக்களை ஆர்வத்துக்காகப் படிக்கலாம். ஆய்வுக்கூட வேலைக்கு அவற்றை நம்பி இருக்காதீர்கள்.

சேரும் முன் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

ரிசல்ட்டுக்கும் சேர்க்கைக்கும் நடுவே சில வாரங்கள் கிடைக்கும். இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள நல்ல நேரம் அது.

ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து வையுங்கள். நெற்றியை விரலால் ஒருமுறை தடவிவிட்டு டம்ளரை அழுத்திப் பிடித்து விடுங்கள். பென்சில் கூரை உப்புக்காகிதத்தில் தேய்த்தால் கரும்பொடி கிடைக்கும். மை தீட்டும் மென்மையான பிரஷை அதில் லேசாகத் தொட்டு, டம்ளரின் மேல் படுகிறதா படவில்லையா என்கிற அளவுக்குச் சுழற்றுங்கள். அழுத்தினால் ரேகை அழிந்துபோகும். கோடுகள் மெல்ல எழும்பி வரும். அந்த இடத்தில் செலோ டேப்பை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக ஒட்டி, ஒரே இழுப்பில் எடுத்து, வெள்ளை அட்டையில் ஒட்டுங்கள். முதல் நான்கைந்து தடவை கறுப்புத் திட்டுதான் வரும். ஆறாவது தடவையோ பத்தாவது தடவையோ வளையமும் சுழியும் தெளிவாகத் தெரியும். பத்தாவது தடவையிலும் எரிச்சல் வராமல், "பொடி அதிகமாகிவிட்டது, இன்னும் குறைத்துப் பார்க்கலாம்" என்று தோன்றினால் நீங்கள் இந்த வேலைக்குப் பொருத்தமான ஆள்.

அட்டையின் பின்புறம் தேதி, நேரம், எந்தப் பொருள், எந்த இடம், எடுத்தது யார் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதை எழுத மறந்தால் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள். கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் நீதிமன்றத்தில் பெயரில்லாத ரேகை அட்டைக்கு மதிப்பில்லை.

இன்னொரு பயிற்சி. இரண்டு கம்பெனிகளின் கறுப்பு ஜெல் பேனாக்களால் வடிகட்டும் தாளில் புள்ளி வைத்து, தாளின் அடி நுனி மட்டும் சானிடைசர் திரவத்தில் படுமாறு நிறுத்துங்கள். சில கறுப்பு மைகள் நீலம், ஊதா, சிவப்பு என்று பிரிந்து ஏறுவதைக் காணலாம், சில அசையாமல் நிற்கும். பார்வைக்கு ஒன்றாகத் தெரிகிற மைகள் ஒன்றல்ல என்று கண்ணெதிரே தெரிந்துவிடும். காசோலையில் ஒரு பூஜ்ஜியத்தைக் கூடுதலாகச் சேர்த்த வழக்கில் ஆவணப் பிரிவு அலுவலர் தேடுவதும் இந்த வேறுபாட்டைத்தான், ஆனால் அவர் ஆவணத்தைச் சேதப்படுத்தாமல் ஒளியலைகளை மாற்றி மாற்றிப் பார்ப்பார்.

மூன்றாவது, உங்கள் வீட்டுச் சமையலறையை இன்ச் டேப் வைத்து அளந்து வரைபடம் போடுங்கள். அடுப்பின் மேல் உள்ள பாத்திரம் எங்கே இருக்கிறது என்பதை, நகராத இரண்டு புள்ளிகளிலிருந்து, உதாரணமாக இரண்டு கதவு நிலைகளிலிருந்து அளந்து குறியுங்கள். அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு தம்பியோ தங்கையோ பாத்திரத்தை அதே இடத்தில் திருப்பி வைக்க முடிந்தால் வரைபடம் சரி.

படிக்கும் காலத்தில் எதில் அதிகக் கவனம்?

பாடங்கள் நிறைய வரும்: ரத்தவியல், நஞ்சியல், விரல் ரேகை, ஆவணம், துப்பாக்கி, டி.என்.ஏ., டிஜிட்டல், சட்டம். எல்லாவற்றையும் இங்கே விளக்கப் போவதில்லை. நம் ஊருக்கு முக்கியமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

நஞ்சியலை ஊன்றிப் படியுங்கள். தமிழ்நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு வந்துகொண்டே இருப்பவை உள்ளுறுப்பு மாதிரிகள். பூச்சிமருந்து, அரளி, விழுப்புரம் – புதுச்சேரிப் பக்கத்து ஒடுவன் தழை போன்றவற்றுக்கு வெளிநாட்டுப் பாடநூல்களில் அதிக இடம் இருக்காது. நம் மண்ணின் நஞ்சுகளை நாம்தான் படிக்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. எத்தனாலும் மெத்தனாலும் கண்ணுக்கும் மூக்குக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வாயு நிறப்பிரிகைக் கருவியில் வைத்தால் இரண்டும் வேறு வேறு நேரத்தில் வெளியே வந்து தனித்தனிச் சிகரங்களாக நிற்கும். அந்தக் கருவியின் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் சரியான நேரத்தில் இருப்பது சில உயிர்களின் கேள்வி. இந்தப் படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ரத்தவியலில் பிள்ளைகள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பினாப்தலீன் சோதனையில் துணி இளஞ்சிவப்பானதும் "ரத்தம்!" என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சோதனை "ரத்தமாக இருக்கக்கூடும்" என்று மட்டும்தான் சொல்கிறது. சில காய்கறிச் சாறுகளும் துருவும்கூட அதை ஏமாற்றும். பிறகு உறுதிச் சோதனை, அதற்கும் பிறகு மனித ரத்தமா விலங்கு ரத்தமா என்ற சோதனை, அதன் பிறகுதான் யாருடையது என்ற கேள்வி. முதல் வாரம் நான் கொடுத்த ஆட்டு ரத்தத்தை இரண்டாம் பருவத்தில் மறுபடி எடுத்துக் கொடுப்பேன். "மனித ரத்தம்" என்று எழுதி வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லால் ஒரு நிரபராதி உள்ளே போயிருப்பார் என்று சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும்.

டி.என்.ஏ. பாடத்தில் முறை மட்டுமல்லாமல் வரலாறும் படியுங்கள். டி.என்.ஏ.வை வைத்து ஆளை அடையாளம் காணும் முறையை 1984-ல் அலெக் ஜெஃப்ரிஸ் இங்கிலாந்தில் கண்டறிந்தார்; அதை ஐதராபாத்தில் லால்ஜி சிங் நம் நாட்டிலேயே செய்யக்கூடியதாக ஆக்கினார். நம் நீதிமன்றங்களில் அது முதலில் நுழைந்தது கேரளத்தின் தலசேரியில் நடந்த ஒரு தந்தைமை வழக்கில், 1980-களின் கடைசியில். விரல் ரேகைக்கோ இன்னும் பழைய உறவு. 1897-ல் கல்கத்தாவில் தொடங்கிய ரேகைக் கூடம் உலகின் முதல் கூடம். ரேகைகளை வகைப்படுத்தும் முறை அப்போதைய வங்காளக் காவல் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் பெயரில் வழங்கினாலும், கணக்கைப் போட்டவர்கள் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் அதிகாரிகள்.

டிஜிட்டல் தடயவியலுக்குத் தனி மடிக்கணினி இருந்தால் வீட்டிலேயே பழகலாம். 'ஆட்டாப்சி' என்ற மென்பொருள் இலவசம். பெயர்தான் பிரேதப் பரிசோதனை, வேலை வன்தட்டை ஆராய்வது. ஒரு பழைய பென்டிரைவில் நாலு படங்களைப் போட்டு அழித்துவிட்டு, அதை நகலெடுத்து, நகலில் தேடிப் பாருங்கள். மூலத்தில் கைவைக்கக் கூடாது, நகலில்தான் தேட வேண்டும். நகலும் மூலமும் ஒன்றுதான் என்று நிரூபிப்பது ஹாஷ் மதிப்பு. ஒரு கோப்பின் மொத்த உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வரும் குறியீடு அது, எஸ்.எச்.ஏ.-256 முறையில் 64 எழுத்துகள். கோப்பில் ஒரு முற்றுப்புள்ளியை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டால் குறியீடே அடியோடு மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் இந்த ஹாஷ் மதிப்பையும், நிபுணரின் கையெழுத்தையும் கேட்கிறது. வேலைவாய்ப்பு எந்தப் பக்கம் வளர்கிறது என்று இதிலேயே தெரிகிறது.

சட்டத்தில் இன்னொரு மாற்றமும் இந்தப் படிப்புக்குப் பெரிய செய்தி. ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து சான்றுகளைச் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து வருடம் வரை அவகாசம் தந்திருக்கிறார்கள். இத்தனை சம்பவ இடங்களுக்குப் போக ஆள் வேண்டும் அல்லவா?

நோட்டுப் புத்தகம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லூரியில் சேர்ந்த அன்றே தைத்த கட்டு நோட்டு ஒன்று வாங்குங்கள். சுருள் கம்பி நோட்டு வேண்டாம், அதில் தாளைக் கிழித்தால் தெரியாது. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பக்க எண் போடுங்கள். பேனாவில் மட்டும் எழுதுங்கள். தப்பாக எழுதினால் வெள்ளை மை பூசாமல், ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். அடித்தது என்ன என்று படிக்க முடிய வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? நீங்கள் இன்று ஆய்வுசெய்த வழக்கு விசாரணைக்கு வர நாலு வருடமும் ஆகலாம், எட்டு வருடமும் ஆகலாம். அதற்குள் ஆயிரம் பொட்டலங்கள் உங்கள் மேஜையைக் கடந்திருக்கும். சம்மன் வந்து கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ரசாயனம் பற்றிக் கேட்க மாட்டார். "பொட்டலம் உங்களிடம் வந்தபோது முத்திரை அப்படியே இருந்ததா? எத்தனை முத்திரை? எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" என்றுதான் கேட்பார். தமிழ்நாட்டில் போலீஸ் ஒரு பொருளை மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் குறிப்பு) எழுதிக் கைப்பற்றி, படிவம் 95-ல் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அங்கிருந்து கடிதத்தோடு ஆய்வுக்கூடத்துக்கு வரும். இந்தக் கைமாற்றத்தில் ஒரு நாளுக்குக் கணக்கு இல்லாமல் போனாலும் வழக்கு ஆட்டம் காணும். மாணவனாக இருந்தபோது கல்லூரி மாதிரி நீதிமன்றத்தில் நான் நின்றேன். என் ஆய்வு முடிவு சரியாக இருந்தது. உறையைத் திறந்த நேரத்தைக் குறிக்காமல் விட்டிருந்தேன். அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்ற இரண்டு நிமிடம் இருபது வருடமாக என் லேபிள்களை எழுதவைத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு ஒருநாள் போய் உட்காருங்கள். மூடிய அறையில் நடக்கும் சில வகை வழக்குகளைத் தவிர, விசாரணை பொதுவாக யாரும் பார்க்கலாம். கைப்பேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் அமைதியாக இருங்கள். நிபுணர் சாட்சி சொல்லும் நாள் எதுவென்று தெரிந்த வழக்கறிஞர் யாரையாவது கேட்டு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. "தெரியாது", "என் ஆய்வில் அது தெரியவரவில்லை" என்ற இரண்டு பதில்களுக்கும் உள்ள வேறுபாட்டை அங்கேதான் கற்பீர்கள்.

மனசைப் பற்றியும் பேச வேண்டும்

பிணவறைக்கு முதல் தடவை அழைத்துப் போகும்போது யாராவது ஒருவர் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார். அது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. காலையில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள், கதவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், முடியாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். பழகப் பழகச் சரியாகும். சிலருக்குச் சரியாகாது, அவர்களுக்கு ஆவணம், டிஜிட்டல் என்று உடல் சம்பந்தப்படாத பிரிவுகள் இருக்கின்றன. எனக்குக் கவலை தருவது குழந்தைகளின் வழக்குகள். அவற்றின் புகைப்படங்கள் வகுப்பில் வந்தால் வீட்டுக்குப் போன பிறகும் விடாது. நண்பர்களிடமோ ஆசிரியரிடமோ பேசிவிடுங்கள். படங்களை ஒருபோதும் வாட்ஸ்அப்பில் பகிராதீர்கள். அந்தப் படத்தில் இருப்பவர் யாரோ ஒருவரின் பிள்ளை.

"பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தப் பிணம், ரத்தம் எல்லாம்?" என்று கேட்கும் பெற்றோர் இன்னும் வருகிறார்கள். என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள்தான். அம்மா அப்பாவை ஒருநாள் கல்லூரி ஆய்வகத்துக்கு அழைத்து வாருங்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு நுண்ணோக்கி முன்னால் மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி பெரும்பாலும் திரும்ப வருவதில்லை.

கடைசி வருடமும் வேலையும்

இன்டர்ன்ஷிப்புக்கு அரசு ஆய்வுக்கூடத்தில் அனுமதி கிடைக்க நேரமெடுக்கும். கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். உண்மையான வழக்குப் பொருளைத் தொட விட மாட்டார்கள், விடக் கூடாது. பக்கத்தில் நின்று பார்ப்பதே போதும். பொட்டலம் வாங்கும் மேஜையில் ஒருநாள் முழுக்க நின்றால் பாடநூலில் இல்லாதது நிறையத் தெரியும்.

அரசு வேலை மட்டுமே வேலை என்று காத்திருக்காதீர்கள். அறிவிப்புகள் வருடா வருடம் வருவதில்லை. வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவு, காப்பீட்டு நிறுவனங்கள், கணக்குத் தணிக்கை நிறுவனங்களின் தடயவியல் பிரிவு, தனியார் டி.என்.ஏ. ஆய்வகங்கள், சைபர் பாதுகாப்பு நிறுவனங்கள் இந்தப் பட்டதாரிகளை எடுக்கின்றன. ஆசிரியப் பணிக்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் தடய அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. துறையில் நுழைவோரின் திறனைச் சோதிக்க 'ஃபேக்ட்' என்ற தேசியத் தேர்வும் உண்டு. கடைசி வருடத்திலேயே எழுதிப் பாருங்கள், எந்தப் பிரிவில் பலவீனம் என்று தெரிந்துவிடும்.

தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவை இறுதியாண்டிலேயே முடித்து வையுங்கள். தேர்வில் தமிழ்த் தகுதித்தாளும் உண்டு, அதில் குறைந்தபட்ச மதிப்பெண் வாங்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்த மாட்டார்கள். ஆங்கிலத்திலேயே ஐந்து வருடம் படித்தவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். வாரம் ஒரு ஆய்வு அறிக்கையையாவது தமிழில் எழுதிப் பழகுங்கள். எந்தப் பொருள், எந்த நிலையில் வந்தது, எத்தனை முத்திரை, என்ன சோதனை, என்ன கண்டோம். ஐந்து வரி போதும்.